மண்கரைக்கு வந்த நோட்டீஸ்

கேள்வி: தென்காசி மாவட்ட மலையடிவாரத்தில், எங்கள் பட்டா நிலத்துப் பள்ளத்தின் குறுக்கே என் தந்தை கட்டிய மண்கரை இருக்கிறது. உயரம் சுமார் ஆறு மீட்டர். கரையின் வெளிச்சரிவில் கசிவு இருப்பதாகவும், மழைக்கு முன் சரிசெய்யாவிட்டால் வழக்குத் தொடுப்பதாகவும் கீழே தென்னந்தோப்பு வைத்திருப்பவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் இந்தத் தண்ணீரால் பிழைத்தவர் அவர். தோப்பிலுள்ள ஆள்வீடும் தொழுவமும் அண்மையில் கட்டியவை. தம்பி செலவில் பங்கு தர மறுக்கிறார். அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் கரைக்குப் பொருந்தாது என்றும், பெருமழையில் உடைந்தால் அது கடவுள் செயல் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். நோட்டீசை மறுத்துவிட்டு, அவர் மீது நானே தடையாணை வழக்குப் போடலாமா?

பதில்: தோப்புக்காரரின் நன்றியின்மைக்கும் தம்பியின் பிடிவாதத்துக்கும் இந்த விவகாரத்தில் இடமில்லை. தம்பியிடம் பெற வேண்டியதைப் பாகப்பிரிவினையில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கரை உங்கள் அனுபவத்தில் இருக்கும்வரை, இழப்பீடு கேட்பவர் முழுத் தொகைக்கும் உங்களைத்தான் பிடிப்பார். கரைக்குப் பின் வந்து கட்டினார் என்பதும் எதிர்வாதமாக நிற்காது. சட்டப்படி முக்கியமானது ஒன்றே: அந்த நோட்டீசைப் பெற்றுக்கொண்டு ஒப்புகை அட்டையில் நீங்கள் கையெழுத்திட்ட தேதி. அன்றிலிருந்து, கசிவு இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமையை நீங்கள் இழந்துவிட்டீர்கள்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளுக்குள் வருபவற்றுக்கும் மட்டுமே உரியது. ஆனால் அச்சட்டம் பொருந்தாததால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது. கரை ஆபத்தான நிலையில் இருப்பதாக மனுப் போனால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் நடவடிக்கை எடுக்கலாம்; கவனக்குறைவால் உயிர் போனால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. அந்த ஆள்வீட்டில் இரவில் படுத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கடவுள் செயல் என்பவர்கள் பெரும்பாலும் கார்வேட்டிநகரம் ஜமீன்தார் வழக்கைக் காட்டுவார்கள். ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமடைந்தபோது மதராஸ் ரயில்வே கம்பெனி தொடுத்த அவ்வழக்கில், 1874இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது உண்மையே. ஏரிகள் தொன்றுதொட்டு ஊர்ப் பாசனத்துக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது அவருடைய கடமை, அவர் பக்கம் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவில்லை என்பவை அதற்கான காரணங்கள். உங்களுடையது சொந்தத் தேவைக்காகக் கட்டிய கரை. எனவே கவனக்குறைவை மெய்ப்பிக்காமலேயே நீங்கள் பொறுப்பு என்று இங்கிலாந்தின் 1868ஆம் ஆண்டு ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிடும். மழையின் அளவைச் சொல்லியும் தப்புவது கடினம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்த பிறகு, பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் இப்படியொரு மழையை எதிர்பார்க்கவில்லை என்று கூண்டில் நின்று சொன்னால், எந்த நீதிபதி நம்புவார்?

நான் உண்மையில் அஞ்சுவது நீங்கள் அனுப்பவிருக்கும் பதிலைப் பற்றித்தான். என் கட்சிக்காரர் ஒருவர் இதே நிலையில், "கரையில் யாதொரு குறைபாடும் இல்லை" என்று என்னிடம் வருவதற்கு முன்பே பதில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். ஆனால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே ஒரு கொத்தனாரை அழைத்து, நண்டு வளைகளை அடைக்கவும், மிகைநீர் வழிந்தோடும் கலிங்கைச் சீராக்கவும் மதிப்பீடு வாங்கி, செலவு அதிகம் என்று அலமாரியில் போட்டுவிட்டார். பேசிய முன்பணம் கிடைக்காத வருத்தத்தில் இருந்த அந்தக் கொத்தனாரே, கரை உடைந்தபின் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். அதைவிடக் கொடுமை, கோடைக்குக் கூடுதலாக ஓரடித் தண்ணீர் நிறுத்துவதற்காகக் கலிங்கின் மேல் மணல் நிரப்பிய யூரியாச் சாக்குகளை அடுக்கி வைத்திருந்ததை வாதி செல்பேசியில் படமெடுத்திருந்தார். குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சாக்குகள் யாருடையவை?" அதற்குப் பிறகு மழையளவுப் பதிவேட்டை நான் தாக்கல் செய்ததில் பொருளே இல்லாமல் போயிற்று.

ஆகவே உங்கள் கலிங்கில் சாக்கோ பலகையோ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கசியும் இடத்தைச் சுண்ணாம்பால் குறியிட்டு, தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்று நாள்தோறும் தேதியோடு எழுதி வையுங்கள். கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்து அரித்துப் போகிறது என்று பொருள், அந்த நிலையில் வக்கீலைத் தேடாதீர்கள், பொறியாளரை அழையுங்கள்.

தடையாணை வழக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் வாதியாகப் போனால் இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வருவார், நில அளவைப் புலப்படம் விரியும். பள்ளம் என்று நீங்கள் சொல்வது வருவாய்க் கணக்கில் ஓடைப் புறம்போக்காக இருந்தால், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் கரையே ஆக்கிரமிப்பாகிவிடும். தோப்புக்காரர் கேட்காத ஒன்றை நீங்களே அரசின் கையில் எடுத்துக் கொடுத்தவராவீர்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசமாகப் போங்கள். உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற குறிப்போடு, பொறியாளரைக் கொண்டு பார்வையிட்டுப் பழுதுபார்க்கும் காலவரையை எழுத்தில் கொடுங்கள். தண்ணீரில் அவருக்கும் பயன் இருந்தால் செலவில் ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை, மறுத்தாலும் வேலையை நிறுத்தாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் நீர்மட்டத்தை இறக்கியாக வேண்டும். ஆனால் பதற்றத்தில் மதகை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள்: மட்டம் வேகமாக இறங்கினால் ஈரம் ஊறிய உள்சரிவு சரிந்துவிடும், கீழே அவருடைய தொழுவத்துக்குள்ளும் தண்ணீர் புகும். எவ்வளவு திறப்பது என்று பொறியாளரிடம் எழுதி வாங்கி, திறக்கும் நாளைத் தோப்புக்காரருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலில் அவரிடம் கையெழுத்தும் பெற்றுக்கொள்ளுங்கள்.