வீட்டில் வைத்து விளையாடப் பழைய ஸ்லாட் மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அது காசைத் துப்புவதைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

எனக்கு மன்னார்குடி. சில வருடங்களுக்கு முன் கூத்தாநல்லூரில் ஒரு சபுராளி (வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தவர்) வீட்டைக் காலி செய்தார்கள். தேக்கு பீரோ பார்க்கப் போனேன். மூலையில் 'பாச்சிஸ்லோ' என்கிற ஜப்பான் ஸ்லாட் மெஷின், அதாவது சூதாட்டப் பெட்டி, ஒன்று நின்றது. மூன்று உருளைகள் சுற்றும், ஒவ்வொன்றையும் நாமே பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டும். விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. எட்டாயிரத்துக்குப் பேசி டாடா ஏஸில் ஏற்றிவிட்டேன். பீரோ வாங்கவில்லை.

அங்கே அது தரையில் கிடந்த ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவர்களும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நம்மூர் 230-இல் நேரே சொருகினேன். 'டப்'. கூடம் முழுக்கக் கருகல் வாடை. அம்மா எட்டிப் பார்த்து, "சூதாட்டப் பெட்டிக்குச் சாம்பிராணி போட்டியாடா?" என்றார். பவர் போர்டைச் சரிசெய்ய டிவி மெக்கானிக் இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார், டிரான்ஸ்பார்மர் தனி.

அப்புறம் ஹாப்பர். அடியில் இருக்கும் தொட்டி அது. உள்ளே ஓட்டைகள் போட்ட தட்டு சுற்றி, ஜெயித்தால் டோக்கனை, அதாவது காசுக்குப் பதில் போடும் வில்லையை, ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். டோக்கன் 25 மில்லிமீட்டர். 1992-இல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாயும் அதே 25! அக்கா மகன் தன் உண்டியலையே கவிழ்த்துவிட்டான். ரூபாய் கொஞ்சம் மெல்லிசு, ஒரு ஓட்டையில் இரண்டு செருகிக்கொண்டு மோட்டார் முனகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலை பிடிக்காதவர்கள் கேரம் போர்டு வாங்கிக்கொள்ளலாம்.

கதவுச் சாவி மட்டும் போதாது, செட்டிங் சாவியையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் 1 முதல் 6 வரை நிலை உண்டு. எவ்வளவு தாராளமாகக் கொடுக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் எப்போதும் 6.

சட்டம்? எங்கள் வீட்டில் டோக்கன் மட்டும்தான், பணம் கிடையாது. லாபத்துக்காகச் சூதாட்டக் கருவி வைத்திருக்கும் வீடும் தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் சூதாட்ட விடுதிக் கணக்கில் வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் முதலில் சுங்கத்துறையில் கேளுங்கள்.

ஐப்பசி அடைமழையில் மெஷினின் பலகைப் பெட்டி உப்பிக் கதவு இறுகிக்கொள்ளும். மழை விடும்வரை உள்ளே ஒரு குண்டு பல்பு எரிய விடுகிறேன்.