தாத்தாவின் மடக்குக் கத்தியைச் சாணை பிடிக்கலாமா?

கேள்வி: குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் தகரப்பெட்டியிலிருந்து, இரண்டு அலகுகள் கொண்ட மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. பிடி கறுப்புக் கொம்பு. பெரிய அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் சிலுவையும், 'ஜோசப் ராட்ஜர்ஸ்', 'ஷெஃபீல்டு' ஆகிய சொற்களும், கிரீடம் ஒன்றின் இருபுறமும் ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிகின்றன. அலகில் ஆங்காங்கே துரு இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய உறவினர் கொடுத்த வெள்ளிநிறக் கத்தி ஒன்றும் என்னிடம் உண்டு. அதன் பிடியில் சிவப்புக் கேடயமும் அலகடியில் 74 என்ற எண்ணும் உள்ளன. இவ்விரண்டையும் கொண்டு சேகரிப்பைத் தொடங்க எண்ணுகிறேன். இவை எக்காலத்தவை? துருவை நீக்கிச் சாணை பிடித்து வைக்கலாமா? எங்கள் ஊர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது? அடுத்து எவற்றை வாங்கலாம்? சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: முதலில், சாணைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். பழைய மடக்குக் கத்தியின் வரலாறு முழுவதும், பிடிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அலகின் தீட்டப்படாத அடிப்பகுதியில், விரல்நகம் அளவே உள்ள பரப்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சாணைச் சக்கரமோ பளபளப்பாக்கும் பஞ்சுச் சக்கரமோ அந்த இடத்தில் ஒருமுறை பட்டால் போதும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும். பிறகு உங்களிடம் இருப்பது வெறும் பழைய கத்தி, அவ்வளவுதான். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, பகல் வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து அந்த முத்திரையைப் படிப்பதுதான் சேகரிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை.

அப்படிப் படிக்கும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. முத்திரை, 'இந்தக் கத்தி இந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது' என்று மட்டுமே உறுதியாகச் சொல்லும். 'இதற்குப் பிற்பட்டதன்று' என்று பெரும்பாலும் சொல்லாது. இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரான ஷெஃபீல்டில் உருவான உங்கள் கத்தியையே எடுத்துக்கொள்வோம். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த குறி 1764ஆம் ஆண்டு முதல் ராட்ஜர்ஸ் குடும்பத்துக்கு உரியது. ஆகவே அது நிறுவனத்தைக் காட்டுமே தவிரக் காலத்தைக் காட்டாது. காலத்தை நெருங்க உதவுவது கிரீடமும் எழுத்துகளும்தான். அரண்மனைக்குக் கத்தி வழங்கும் உரிமை பெற்ற இந்நிறுவனம், ஆட்சியிலிருக்கும் அரசரின் பெயரெழுத்தைத் தன் அலகுகளில் பொறித்துவந்தது. வி, ஆர் என்றிருந்தால் விக்டோரியா அரசியின் காலமான 1837 முதல் 1901 வரையிலான பெயர். இ, ஆர் என்றிருந்தால் முதலில் ஏழாம் எட்வர்டின் 1901 - 1910 காலத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். ஜி, ஆர் என்பதோ ஜார்ஜ் என்ற பெயருடைய எந்த அரசருக்கும் பொருந்தும். நான்காம் ஜார்ஜின் காலத்திலேயே ராட்ஜர்ஸுக்கு அரச உரிமை கிடைத்துவிட்டது என்றாலும், நீலகிரியில் ஒரு தோட்டக் கணக்கரின் பெட்டிக்கு வந்து சேர்ந்த கத்தி 1910இல் அரியணையேறிய ஐந்தாம் ஜார்ஜின் காலத்தையோ, 1952இல் மறைந்த ஆறாம் ஜார்ஜின் காலத்தையோ சேர்ந்தது என்று கொள்வதே இயல்பு. தாத்தா பணியாற்றிய ஆண்டுகளை அறிந்து ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் குறுகும்.

முத்திரையில் 'இங்கிலாந்து' என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதியாகும் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகே, அந்நாட்டுச் சந்தையை நம்பியிருந்த ஷெஃபீல்டுக்காரர்கள் ஊர்ப்பெயரோடு நாட்டுப் பெயரையும் பொறிப்பதை வழக்கமாக்கிக்கொண்டனர். ஆகவே அச்சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அது இல்லாததால் முற்பட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்தியாவுக்கு அனுப்பிய சரக்கில் அச்சொல் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த அமெரிக்கச் சட்டம் விதிக்கவில்லை.

துருவும் ஒரு சான்றுதான். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913இல். முதல் உலகப்போர் முடிந்த பிறகே அது கத்தித் தொழிலில் பரவியது. உங்கள் கத்தி துருப்பிடித்திருப்பதால் அது சாதாரணக் கார்பன் எஃகு என்பது தெரிகிறது. அதனாலேயே 1913க்கு முற்பட்டது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் கார்பன் எஃகில் மடக்குக் கத்தி செய்வது அதன் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆனால் விக்டோரியாவின் எழுத்தும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லும் ஒரே அலகில் இருப்பதாகக் காட்டி யாராவது விலை சொன்னால், அரசி மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த எஃகு அவருடைய காலத்துக் கத்திக்குள் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சுவிஸ் கத்தியில் இவ்வளவு ஆராய்ச்சிக்கு வேலையில்லை. அது சுவிஸ் படையினருக்கு வழங்கப்பட்ட 1961ஆம் ஆண்டு மாதிரி. 93 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினியப் பிடி, ஒரு பெரிய அலகு, துளைபோடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி முனையோடு கூடிய பாட்டில் திறப்பான் ஆகியவை அதன் உறுப்புகள். அலகடியில் உள்ள இரண்டு இலக்கங்கள் தயாரிப்பாண்டைக் குறிப்பவை, உங்களுடையது 1974. இபாக் ஊரின் விக்டோரினாக்ஸ், டெலமோன் ஊரின் வெங்கர் ஆகிய இரு நிறுவனங்களும் படைக்கு வழங்கியதால் ஒரே ஆண்டுக்கு இரண்டு முத்திரைகள் கிடைக்கின்றன. எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முத்திரைக்கு அடுத்ததாக அலகின் உருவத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த அலகில், தீட்டப்படாத அடிப்பகுதியின் கீழ்விளிம்பும் வெட்டும் விளிம்பும் ஏறத்தாழ ஒரே கோட்டில் போகும். பலகாலம் சாணை கண்ட அலகில் அவ்விடத்தில் ஒரு படி விழுந்திருக்கும். நகத்தை வைத்துத் திறப்பதற்கான குழி வெட்டும் விளிம்பை நெருங்கியிருக்கும். பிறகு கத்தியை விளக்கை நோக்கி உயர்த்தி, பிடியின் உட்தகட்டுக்கும், பிடியின் முதுகில் இருந்து அலகை இறுக்கிப்பிடிக்கும் எஃகு வில்லுக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பாருங்கள். நல்ல ஷெஃபீல்டு வேலையில் மயிரிழை இடைவெளியும் தெரியாது. அலகைத் திறந்தால் வில் 'டக்' என்று அடித்து நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இரு அலகுகளின் நிறமும் தேய்மானமும் முற்றிலும் வேறுபட்டாலோ, ஓர் அலகின் ரிவெட் மட்டும் புதிதாக மின்னினாலோ, அந்த அலகு வேறொரு கத்தியிலிருந்து மாற்றப்பட்டது என்று ஐயுறலாம். சந்தையில் ஏமாற்று பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது.

இனித் துரு. செந்நிறமாக உதிர்வது அரிக்கும் துரு. சாம்பலும் கறுப்புமாக வழவழப்பாகப் படிந்திருப்பது காலத்தால் ஏறிய படலம், அது அடியிலுள்ள எஃகை ஓரளவு காக்கவும் செய்கிறது. முன்னதை எடுக்க வேண்டும், பின்னதை விட்டுவிட வேண்டும். உப்புத்தாள், புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். அமிலம் துருவோடு அந்தப் படலத்தையும் தின்றுவிடும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகில் பூசி ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி அதன் முனையால் துருவை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். அதற்கும் அசையாத இடங்களில் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, முத்திரையைத் தவிர்த்து, அலகின் நீளவாக்கில் தேய்க்கலாம். அச்சாணி இறுகியிருந்தால் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டுச் சில முறை திறந்து மூடி, வெளிவரும் கறுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடவும். கத்தியை முழுவதுமாக எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறப்போடக் கூடாது. கொம்பும் எலும்பும் உப்பி, காயும்போது ரிவெட்டைச் சுற்றிப் பிளந்துவிடும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை நாளடைவில் பிசினாகிவிடுவதால் அவற்றையும் தவிர்க்கவும்.

மலையூர்களின் ஈரத்துக்கு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். ஆனால் நிறையப் போட்டால் நிறைய வேலை செய்யும் என்று டப்பாவுக்குள் பொட்டலங்களை அள்ளிப்போட வேண்டாம். மிகையாக உலர்ந்தாலும் கொம்பு வெடிக்கும். விலை மலிவான ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிற்குமாறு பார்த்துக்கொள்ளலாம். தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் வைத்துப் பூட்டக் கூடாது: பதனிட்ட தோலின் அமிலம் எஃகைத் துருவாக்கும், பித்தளை உட்தகட்டில் பச்சைக் களிம்பு ஏற்றும். கொம்பைத் தின்னும் வண்டுகளும் உண்டு என்பதால் ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் பிடியில் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. கையில் எடுத்துக் காட்டிய பிறகு ஒவ்வொரு முறையும் அலகைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். வியர்வையின் உப்பு விட்ட விரல்ரேகை, அப்படியே துருவின் வடிவில் எழும்பிவரும்.

நாளை நீங்கள் வாங்கக்கூடிய கத்திகளில் ஒரு வகை, மற்றவற்றையும் கெடுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆமையோடு, முத்துச்சிப்பி, தந்தம் ஆகியவற்றைப் போலத் தோன்றும், செல்லுலாய்டு என்ற தொடக்ககாலப் பிளாஸ்டிக்கால் ஆன பிடிகள் ஏராளமாக வந்தன. அது சிதையத் தொடங்கினால் வெளியிடும் அமில ஆவி, அதே டப்பாவில் இருக்கும் எல்லாக் கத்திகளையும் துருவாக்கும். விரலால் சூடேறத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். அப்படிப்பட்டதைத் தனியே, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை யாராவது சொல்லிக்கொடுத்தால் செய்யாதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றிக்கொள்ளும்.

அடுத்து எதை வாங்குவது என்பதில் என் கருத்து உறுதியானது: கண்டதையெல்லாம் வாங்காமல், எல்லை தெரிந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 74 இருப்பதால் 1961 மாதிரியை ஆண்டுவாரியாகச் சேர்ப்பது எளிய தொடக்கம். பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு என்று தொடங்கி நிரப்பிக்கொண்டே போகலாம். அமெரிக்கக் கத்திகளில் ஆர்வம் வந்தால், பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் 'கேஸ்' என்ற கத்தி நிறுவனத்தின் புள்ளி முறை சுவையானது. 1970இல் முத்திரையின்கீழ் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, 1979இல் ஒரே புள்ளியில் நின்றார்கள். 1980இல் மீண்டும் பத்திலிருந்து தொடங்கினார்கள். அவர்களின் மாதிரி எண்ணும் பேசும்: 6254 என்றால் முதல் 6 எலும்புப் பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 வடிவத்தையும் குறிக்கும். கண்ணாடிப் பெட்டியில் சான்றிதழோடு வரும் 'நினைவுப் பதிப்பு'களை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்டவை எல்லோரிடமும் புதிதாகவே கிடப்பதால் அவற்றுக்கு அருமை ஏற்படுவது அரிது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்திய ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளையே ஆயுத வகையில் பட்டியலிடுகின்றன. வீட்டு, வேளாண், தொழிற் பயன்பாட்டுக்கு உரியவற்றுக்கு விலக்கும் உண்டு. உங்களுடைய இரண்டும் அந்த அளவில் பாதியைக்கூட எட்டாதவை. இருந்தாலும் கூட்டம், தேர்தல், திருவிழா போன்ற இடங்களுக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம்; பொத்தானை அழுத்தினால் விருட்டென்று விரியும் வகையை வாங்கவும் வேண்டாம். உண்மையான கவனம் தேவைப்படுவது பிடியின் பொருளில்தான். தந்தமும் மான்கொம்பும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. பழம்பொருள் என்பதாலேயே அவற்றை விற்கவோ வாங்கவோ உரிமை கிடைத்துவிடாது. உங்கள் கத்தியின் பிடி வழவழப்பாகவும், விளக்கொளியில் விளிம்பில் தேன்நிறம் ஊடுருவுவதாகவும் இருந்தால் அது மாட்டுக்கொம்போ எருமைக்கொம்போ ஆகும். கரடுமுரடான வரிப்பள்ளங்களும் வெளிறிய மேடுகளும் இருந்தால் மான்கொம்பாக இருக்கலாம், அப்போது அதை விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உறவினர்கள் வெளிநாட்டிலிருந்து உங்களுக்குக் கத்தி கொண்டுவருவதாக இருந்தால், கைப்பையில் வைக்காமல் விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடவும்.