வீட்டுப் பத்திரத்தை வைத்து எம்.இ. படிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 25. பி.இ. சிவில் முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சென்னையில் ஒரு அடுக்குமாடி சைட்டில் இன்ஜினியராக இருக்கிறேன். கைக்கு மாதம் 26,000 ரூபாய் வருகிறது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் 9,500, வீட்டுக்கு 5,000, பி.இ. படித்த கல்விக் கடனுக்குத் தவணை 3,600 (இன்னும் 1,20,000 பாக்கி). சேமிப்பு 1,80,000 இருக்கிறது. அப்பா கரூர் பக்கம் கொத்தனார். போன மாதம் ஒன்பதாவது மாடி ஸ்லாபுக்குக் கம்பி கட்டும்போது, தூண் பக்கம் மட்டும் பீமுக்கு வளையம் ஏன் இவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று கம்பி கட்டும் அண்ணன் கேட்டார். டிராயிங்கில் அப்படித்தான் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) படிக்க வேண்டும் என்றே இருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடத்துக்கு 1,50,000 கட்டணம், நுழைவுத் தேர்வெல்லாம் வேண்டாம், உடனே சேரலாம் என்கிறார்கள். ஓர் ஏஜென்சி, 25 லட்சம் கடன் வாங்கினால் இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்கிறது. அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தரத் தயாராக இருக்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லிப் பத்திரத்தைத் திரும்பப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள் தம்பி.

25 லட்சத்தை 11 சதவீத வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒரு வருடம், அதன்பின் வேலை தேட ஒரு வருடம் என்று தவணை கேட்காமல் விடுவார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடத்தில் 5,50,000 சேர்ந்து, கடன் 30,50,000 ஆகி நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 42,000 ரூபாய். அங்கே வேலை அமைந்தால் கட்டிவிடலாம். அமையாமல் ஊர் திரும்பினால், உங்கள் இன்றைய சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் தவணைக்கு 16,000 குறையும். அப்பா செங்கல் சுமந்து கட்டிய வீட்டை அந்தப் பள்ளத்தில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்தது தனியார் கல்லூரி. 1,50,000 குறைவாகத்தான் தெரியும். ஆனால் படிப்பின் உண்மையான விலை கட்டணம் இல்லை, விட்டுவிட்டுப் போகிற சம்பளம். 26,000 வீதம் 24 மாதத்துக்கு 6,24,000. கட்டணத்தோடு 7,74,000. (சாப்பாட்டுச் செலவைச் சேர்க்கவில்லை. வேலைக்குப் போனாலும் சாப்பிட வேண்டுமே.) எம்.இ. முடித்து ஒரு டிசைன் அலுவலகத்தில் மாதம் 10,000 கூடுதலாகக் கிடைத்தால்கூட இந்தப் பணம் திரும்பி வர ஆறரை வருடம் ஆகும். திரும்பவும் சைட்டுக்கே போய் அதே சம்பளம் வாங்கினால் திரும்பி வரவே வராது.

உங்களிடம் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கேட் (முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணோடு முழுநேர எம்.இ., எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம் வரை கிடைக்கிறது. மொத்தம் 2,97,600. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் மட்டும் இல்லை, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் சேர்ந்தாலும் உண்டு. ஆனால் சேரும் நாளில் செல்லுபடியாகும் கேட் மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். முதலில் சேர்ந்துவிட்டு அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்றால் கிடைக்காது. "நுழைவுத் தேர்வு வேண்டாம், உடனே சேருங்கள்" என்று அந்தக் கல்லூரி சொல்கிறதே, அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் கொடுக்கும் விலை மூன்று லட்சம்.

அதனால் இந்த வருடம் எங்கேயும் சேராதீர்கள். வேலையை விடாமல் கேட் எழுதுங்கள். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன், 13 கணிதம் அளவுக்கு இருக்கும். சைட்டில் இருப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணிதத்தில்தான், அதை முதலில் தூசி தட்டுங்கள். ஐ.ஐ.டி.க்கு நல்ல மதிப்பெண் வேண்டும். உதவித்தொகைக்குத் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினால் போதும். ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால், ஒரு வருடம் நல்ல இடம் அமையாவிட்டால் அடுத்த வருடமும் அதை வைத்தே முயலலாம்.

இன்றிலிருந்து சேர்க்கைக்குப் பத்து மாதம் என்று வையுங்கள். மாதம் 6,000 சேர்த்தால் சேமிப்பு 2,40,000 ஆகும். தவணை கட்டக் கட்டப் பழைய கடன் சுமார் 92,000க்கு இறங்கியிருக்கும். வேலையை விடும் மாதத்தில் அதை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். சம்பளம் நின்றபிறகு தவணை மட்டும் ஓடுவதுதான் படிக்கிற பையனைத் தூங்கவிடாது. மீதி 1,48,000. அரசுக் கல்லூரியிலோ அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலோ இடம் கிடைத்தால் கட்டணத்துக்கு இது தாராளமாகப் போதும். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் 7,500 போனால், உதவித்தொகையில் 4,900 மிஞ்சும். வீட்டுக்கு அனுப்பும் 5,000 ஏறக்குறைய நிற்காமல் போகும். உதவித்தொகை சில மாதம் பிந்தி வருவது சகஜம், அதனால் நான்கு மாதச் செலவைத் தொடாமல் தனியே வையுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம். அது பாட்டுக்கு வட்டி வாங்கட்டும். ஓய்வூதியத்துக்கு 10 வருடப் பணிக்காலம் தேவை. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து இப்போது எடுத்துவிட்டால் இந்த மூன்று வருடமும் அந்தக் கணக்கில் வராது.

மாலை நேரப் பகுதிநேர எம்.இ. பற்றி யாராவது சொல்வார்கள். அதற்கு உதவித்தொகை இல்லை. அதைவிட, கான்கிரீட் போடும் நாளில் ஐந்து மணிக்கு வகுப்புக்குப் போகிறேன் என்று சைட்டிலிருந்து கிளம்ப முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒத்துவரும்.

பாடப்பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் ஸ்ட்ரக்சுரல்தான் கேட்பார்கள், போட்டி அங்கேதான். மண்ணியல் பொறியியல் கிடைத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். பைல் அஸ்திவாரம், மெட்ரோ சுரங்கம் என்று மண்ணைப் படித்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. மனதின் ஓரத்தில் பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் ஆசை இருந்தால், அதற்குப் பி.இ. போதும். எம்.இ.க்குச் செலவிடும் இரண்டு வருடத்தை டி.என்.பி.எஸ்.சி.க்குக் கொடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அந்த அண்ணன் கேட்டதற்குப் பதில் வேண்டும் என்றுதான் நீங்கள் படிக்க நினைக்கிறீர்கள். நிலநடுக்கத்தில் தூணை ஒட்டிய பீம் முனை நொறுங்காமல் வளைந்துகொடுக்க வேண்டும், அதற்குத்தான் அங்கே வளையத்தை நெருக்குகிறார்கள் என்று ஒரு டிசைன் இன்ஜினியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐ.எஸ். 13920 என்ற விதிநூலில் இருக்கிறதாம். எம்.இ. வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கிப் படியுங்கள், நாளைக்கே அவரிடம் போய்ச் சொல்லலாம்.

வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் எத்தனை மாடி, என்ன பொறுப்பு என்று விவரமாக எழுதி வாங்குங்கள். டிசைன் அலுவலக நேர்காணலில், சைட் தெரிந்த எம்.இ. என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.