சென்சார் ஒயர் கழன்றதும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுவது பற்றி

அனலாக் பிரஷர் சென்சாரின் ஒயர் கழன்றபோது ரோபோவின் கம்ப்ரசர் நிற்கவே இல்லை என்கிறீர்கள். நிற்காதுதான். 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும் சென்சாரில், காற்றே இல்லாதபோதும் 0.5 வோல்ட் வரும். ஒயர் அறுந்து 0 வோல்ட் ஆனால், உங்கள் நிரல் அதை 'டேங்க் காலி' என்று எடுத்துக்கொள்கிறது.

சென்சார் தரும் வோல்ட் 0.3-க்குக் கீழோ 4.7-க்கு மேலோ போனால் பழுது என்று கொண்டு கம்ப்ரசரை நிறுத்துங்கள். ஒயர் கழன்றால் உள்ளீடு நிலையில்லாமல் மிதக்காதபடி, அதை 0 வோல்ட்டுக்கு இழுக்கும் ஒரு புல்-டவுன் ரெசிஸ்டரும் வேண்டும்.

ஆனால் நிரலை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அழுத்தம் ஏறினால் திறக்கும் (அதாவது மின்சுற்றைத் துண்டிக்கும்) பிரஷர் சுவிட்சை, கம்ப்ரசரை இயக்கும் ரிலேயின் காயிலோடு தொடராக இணையுங்கள். அதன் ஒயர் அறுந்தாலும் கம்ப்ரசர் நின்றுவிடும். எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) ரோபோக்களில் இந்த சுவிட்ச் சுமார் 115 பிஎஸ்ஐயில் திறக்கும், மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு 125-இல். அப்புறம், கம்ப்ரசருக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவே வேறு எந்த வால்வும் கூடாது.