மாவு பொங்காத மழை நாட்கள்: கேள்வி பதில்

மூன்று நாளாகச் சிங்கப்பூரில் விடாத மழை. பாதிப் பேர் வீட்டில் இட்லி மாவு அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிறது. மீதிப் பேர் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நான் உணவு ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நடுவில் கணவரின் கப்பல் வேலைக்காக நாலு குளிர்காலம் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கழித்தேன். இட்லி மாவு, தயிர், தெம்பே (பூஞ்சையால் கட்டியாகிற சோயா பீன்ஸ்) மூன்றும் தெரியும். மற்றதைக் கேட்டால் தெரிந்த வரைதான். கேட்டவர்களை அவரவர் பேட்டைப் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஈசூன்: அக்கா, சிங்கப்பூரில் ஏது குளிர்? ஆனாலும் இந்த வாரம் மாவு புளிக்கவே இல்லை. அரிசி மோசமா?

அரிசியைத் திட்டாதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் ராத்திரி 22, 23 டிகிரிக்கு இறங்கும். 1934 ஜனவரியில் இங்கே 19.4 வரை போயிருக்கிறது. நமக்குப் பழக்கம் 28, 30. மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் லியூகோனாஸ்டாக் என்ற நுண்ணுயிர். அது உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 22 டிகிரியிலும் சாகாது, மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். 30 டிகிரியில் எட்டு மணி நேரத்தில் ஆகிற வேலைக்கு 20 டிகிரியில் பதினாறு, பதினெட்டு மணி நேரம் கூட ஆகும். ராத்திரி அரைத்துக் காலையில் பார்த்து ஏமாறுகிறவர்கள் மத்தியானம் வரை விட்டுப் பாருங்கள்.

அப்புறம், பாத்திரத்தை எங்கே வைத்தீர்கள்? சர்வீஸ் யார்டு ஜன்னல் திறந்திருக்க, எவர்சில்வர் டப்பாவைத் தரை ஓட்டின் மேல் வைத்தால், ஓடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் மடித்த துண்டு ஒன்று போடுங்கள். அந்தத் துண்டுக்கே இரண்டு டிகிரி வித்தியாசம் வரும். என் வீட்டில் அளந்து பார்த்திருக்கிறேன்.

பொங்கோல்: ஏர்கான் அறையில் வைக்கலாமா?

வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்: எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டரை, அதாவது போர்க்காலப் பாதுகாப்பு அறையைத்தான், ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம். அங்கே மாவு வைத்தால் நன்றாகப் பொங்குகிறது என்கிறார் மாமியார். உண்மையா?

மாமியார் சொன்னால் சரிதான். கனமான கான்கிரீட் சுவர், காற்று வீசாத அறை. பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக விடும். வெளியே மழை அடித்தாலும் உள்ளே அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஒரே ஒரு விஷயம்: டப்பாவை இறுக்கி மூடாதீர்கள். மூடியை மேலே சும்மா வையுங்கள். பொங்குகிற மாவு வாயுவை விடுகிறது, அது வெளியே போக வழி வேண்டும். திருகு மூடிக் கண்ணாடி ஜாடி என்றால் உடைந்தே போகலாம்.

செங்காங்: மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். அறை ராத்திரி 15 டிகிரி. வீட்டு அடுப்புச் சாப்பாடு வேண்டும் என்று ஏங்குகிறான், ஆனால் மாவு நாலு தடவை கெட்டுவிட்டது. முழுதாகச் சொல்லிக்கொடுங்கள்.

இதற்கு நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அபர்டீனில் முதல் குளிர்காலத்தில் நானும் இப்படித்தான் அழுதேன். அங்கே ராத்திரி ஹீட்டிங்கை நிறுத்திவிட்டால் சமையலறை 13, 14 டிகிரி. மாவு இரண்டு நாள் ஆகியும் மெல்லிய புளிப்பு வாசனை மட்டும் வரும், பொங்காது.

முதலில் அரைக்கும்போதே சூட்டைக் கணக்கு வையுங்கள். இங்கே மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிறதே என்று ஐஸ் தண்ணீர் விடுவோம். அங்கே நேர் எதிர்: வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். அரைத்து முடித்ததும் மாவே 28 டிகிரியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. குளிர்ந்த மாவைப் பிறகு சூடாக்குவது பெரும் பாடு. நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பெட்டி. பிக்னிக்குக்கு எடுத்துப்போகிற ஐஸ் பெட்டி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். குளிரைக் காப்பது சூட்டையும் காக்கும். மாவுப் பாத்திரத்தை நடுவில் வைத்து, பக்கத்தில் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று. இரண்டரை கிலோ மாவை 18 டிகிரியிலிருந்து 30க்குக் கொண்டுபோக, ஒன்றரை லிட்டர் வெந்நீரின் சூடு கணக்குப்படி தாராளம். ஆனால் பெட்டியும் கொஞ்சம் இழக்கும், ஆகவே படுக்கப் போகும்போது ஒரு தடவை தண்ணீரை மாற்றட்டும். சாதாரண மினரல் வாட்டர் பாட்டிலில் கொதிநீரை ஊற்றக் கூடாது, சுருங்கிக் கோணிவிடும். பையும் பாத்திரமும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நடுவில் துண்டு இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு பக்க மாவு வெந்துபோய்ப் பசையாகி நிற்கும்.

மூன்றாவது, பழைய மாவு. ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டியை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்து அடுத்த மாவில் கலக்க வேண்டும். அதில் நுண்ணுயிர்ப் படை தயாராக இருக்கிறது. குளிரில் புதிதாக ஆள் சேர்க்க நேரம் ஆகும்.

ஓவன் இருக்கிறதா? பழைய மஞ்சள் பல்பு இருந்தால் அதைப் போட்டுக் கதவை மூடினால் உள்ளே 30ஐத் தொடும், சில ஓவனில் 38கூடப் போகும். எல்இடி விளக்கு என்றால் ஒன்றும் ஆகாது, வெளிச்சம் மட்டும்தான். எதுவானாலும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை மாவுக்குள் விட்டுப் பார்க்கட்டும், காற்றில் அல்ல. அப்புறம் ஓவன் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: உள்ளே மாவு இருக்கிறது என்று. என் கணவர் ஒருநாள் கேக் செய்யப் போகிறேன் என்று 200 டிகிரியில் முன்கூட்டியே சூடேற்றிவிட்டார். ஆறு பேருக்கான மாவு. பிளாஸ்டிக் மூடி கம்பி வலை மேலே உருகி வழிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று.

அங் மோ கியோ: ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டு மாவு வைத்தேன். அடியில் கட்டியாகிவிட்டது.

வார்ம் என்றால் 60 டிகிரிக்கு மேல். அது சோற்றை வைக்கிற சூடு. நுண்ணுயிர் செத்துப்போகும், மாவு வேகும். குக்கரை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, அந்த வெதுவெதுப்பில் வைக்கலாம். அப்போதும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு.

பிடோக்: மாவு நன்றாகப் புளித்திருக்கிறது, ஆனால் பொங்கவில்லை. இதுவும் குளிரா?

இது நல்ல கேள்வி. புளிப்பு வந்துவிட்டது என்றால் நுண்ணுயிர் வேலை செய்திருக்கிறது. வாயுவும் வந்திருக்கும், ஆனால் மாவு பிடித்து வைக்கவில்லை. உளுந்தில் உள்ள வழவழப்பும் புரதமும்தான் குமிழைப் பிடிக்கிறவை. உளுந்து பழசாக இருக்கலாம், அளவு குறைவாக இருக்கலாம், நன்றாக நுரைக்க அரைக்காமல் விட்டிருக்கலாம். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். தேக்கா சந்தையில் புதிய உளுந்து வாங்கி, ஒரு சிட்டிகை வெந்தயம் சேர்த்துப் பாருங்கள். வெந்தயத்தின் வழவழப்பும் அதே வேலையைச் செய்யும்.

ஊட்லண்ட்ஸ்: தயிர் உறையவில்லை அக்கா.

தயிர் வேறு ஜாதி. அந்த நுண்ணுயிர்களுக்கு 40 முதல் 45 டிகிரி பிடிக்கும், இட்லி மாவு சூடு போதாது. தெர்மாஸ் ஃபிளாஸ்கை முதலில் வெந்நீரால் கழுவிச் சூடாக்கி, 43 டிகிரியில் இருக்கும் பாலில் உறைமோரைக் கலந்து ஊற்றி மூடுங்கள். ஆறு மணி நேரம். அசைக்காதீர்கள்.

சிராங்கூன் மூத்த வாசகி: தங்கச்சி, நீ படைபடையாகச் சொல்கிறாய், கையால் கலக்கச் சொல்லவில்லையே? கரண்டியால் கலந்தால் எந்தக் காலத்திலும் பொங்காது. என் அம்மா கை, என் கை, என் மருமகள் கை. மருமகளுக்குப் பொங்காது.

அக்கா, மருமகளை இதில் இழுக்காதீர்கள். நுண்ணுயிர் கையிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் உளுந்திலிருந்தே வருகிறது.

அதே வாசகி: அப்படியானால் கைச் சூடு?

கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு கிலோ மாவின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற, ஒரு பெரிய குவளை கொதிக்கிற தண்ணீர் அறைச் சூட்டுக்கு ஆறும்போது விடுகிற சூட்டில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். இரண்டு நிமிடம் கலக்கும் உங்கள் கையால் அதைக்கூடத் தர முடியாது.

அல்ஜுனிட்: நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன், கைதான் வெல்கிறது.

பூன் லே: எனக்குக் கரண்டிதான். கை என்றால் ஒரே நாற்றம்.

சிராங்கூன் மூத்த வாசகி: நாற்றம் வந்தால் கையைக் கழுவவில்லை என்று அர்த்தம்.

சரி, சரி. போன மாதம் நானே இதைச் சோதித்தேன். ஒரே மாவை மூன்று டப்பாவில் பிரித்தேன். ஒன்றைக் கையால், ஒன்றைக் கரண்டியால், மூன்றாவதைக் கழுவிய கையில் கையுறை போட்டுக் கலந்தேன். மூன்றிலும் வெளியே ரப்பர் பேண்டு மாட்டி உயரத்தைக் குறித்தேன். ஒன்பது மணி நேரத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏறின. கையால் கலந்தது மட்டும் விளிம்பில் அரை சென்டிமீட்டர் கூடுதல், ஆனால் அந்த டப்பாதான் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம். கை ராசியா, ஃபிரிட்ஜ் ராசியா, நீங்களே சொல்லுங்கள். ஒரு தடவை செய்ததை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கை நன்றாகக் கலக்கும், உப்பு ஒரே சீராகச் சேரும், அது உண்மை.

தெம்பனிஸ்: லண்டனில் மகள் தெம்பே செய்கிறாள். ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்தும் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கவில்லை, இன்னொரு தடவை கறுத்துக் கசந்தது.

தெம்பே எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) கற்றுக்கொடுத்தது. பூஞ்சைக்கு 30 முதல் 32 டிகிரி வேண்டும். முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீங்கள் சூடு கொடுக்க வேண்டும். அப்புறம் அதுவே சூட்டைக் கிளப்பும். தெரியாமல் பெட்டியிலேயே வைத்தால் 40ஐத் தாண்டித் தானே வெந்து போகும். கறுத்துக் கசந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வெளியே எடுத்து, பைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைக்கட்டும். பையில் குண்டூசித் துளைகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. பீன்ஸை நன்றாக உலர்த்திய பிறகே பூஞ்சைப் பொடியைத் தூவ வேண்டும், ஈரம் நின்றால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். மெல்லிய சாம்பல் புள்ளி பரவாயில்லை, அம்மோனியா நாற்றம் அடித்தால் குப்பைக்கு.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: தேங்காய்ப் பிண்ணாக்கிலோ துருவலிலோ தெம்பே செய்யச் சொல்லாதீர்கள். அதில் பொங்கிரெக் என்ற நஞ்சு உண்டாகலாம். சமைத்தாலும் போகாது, வாசனையிலும் சுவையிலும் தெரியாது. இந்தோனேசியாவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள், 1988இல் அதைத் தடை செய்தார்கள். 2020இல் சீனாவில் ஒரு குடும்பத்தில் ஒன்பது பேர் இதே நஞ்சால் இறந்தார்கள், அது புளிக்க வைத்த சோள நூடுல்ஸ்.

கிளமெண்டி: கொம்புச்சா (புளிக்க வைத்த தேநீர்)?

24 முதல் 29 டிகிரி. பாட்டிலைப் பக்கவாட்டில் சூடாக்குங்கள், அடியில் அல்ல. இதற்கு மேல் எனக்கு ஆர்வம் இல்லை, மன்னிக்கவும்.

ஹவ்காங்: கிம்ச்சி மழையில் மெதுவாகப் புளிக்கிறது.

அதற்கு அதுதான் நல்லது. விடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: ஈஸ்ட் போட்டால் சீக்கிரம் பொங்குமா?

பொங்கும். ரொட்டி வாசனை அடிக்கும். செய்யாதீர்கள்.

தோ பாயோ: அக்கா, மாவு பொங்கவில்லை, என்ன செய்வது?

மேலே ஈசூன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். துண்டு, நேரம், தெர்மாமீட்டர்.

சுவா சூ காங்: ஓவனில் வைக்கலாமா ஆன்ட்டி?

மேலே இருக்கிறது. துண்டுச்சீட்டு ஒட்டினீர்களா?

செம்பவாங்: அயோடின் உப்பு மாவைக் கெடுக்கும் என்கிறார்களே?

கெடுக்காது, அளவு அவ்வளவு குறைவு. ஆனால் குளிரில் உப்பைப் பொங்கிய பிறகு போட்டால் கொஞ்சம் வேகமாகும். இங்கே வெயில் நாளில் முன்னாலேயே போட்டாலும் நஷ்டம் இல்லை.

சிராங்கூன் மூத்த வாசகி: தங்கச்சி, நேற்று ராத்திரி நீ சொன்ன மாதிரி இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றில் என் கை, ஒன்றில் கரண்டி. இரண்டும் ஒரே அளவுக்குத்தான் பொங்கியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரண்டி மாவு இட்லி சுவையாகவே இல்லை, சப்பென்று இருக்கிறது.

அக்கா, கரண்டி மாவில் உப்பு போட்டீர்களா?

அதே வாசகி: இரு, மருமகளைக் கேட்டு வருகிறேன்.