எல்.கே.ஜி. சீட்டுக்கு ஆள் பிடிக்கணுமா அண்ணாச்சி?

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. நாங்கள் கே.டி.சி. நகரில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகளுக்கு வருகிற சித்திரையில் மூன்று வயது முடிகிறது. பாளையங்கோட்டையில் பேர் எடுத்த ஒரு கான்வென்டில் எல்.கே.ஜி. சேர்க்க ஆசை. பக்கத்துத் தெருவில் ஒருவர் 'அட்மிஷன் கன்சல்டன்ட்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். அவர் ஃபீஸ் 25,000 ரூபாய். இப்போது 10,000 முன்பணம், சீட் கிடைத்ததும் மீதி. கிடைக்காவிட்டால் முன்பணம் அப்படியே வாபஸ் என்கிறார். இன்டர்வியூவுக்குப் பிள்ளையையும் தயார் செய்வாராம். நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார், "இங்கே எல்லாரும் ஆள் வைத்துத்தான் சேர்க்கிறார்கள், யோசிக்காமல் கொடு" என்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பொய் இல்லை. நியூயார்க் பக்கம் பெரிய தனியார் பள்ளிகளில் கிண்டர்கார்டனுக்கே வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அடுத்த வருடப் படிப்புக்கு முந்தின வருடமே விண்ணப்பம் போட வேண்டும். பெற்றோர் கட்டுரை எழுத வேண்டும், தனியாக வந்து பேச வேண்டும், பிள்ளை விளையாடுவதை டீச்சர்கள் உட்கார்ந்து கவனிப்பார்கள். இப்படிப் பல பள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றால், கட்டுரையைத் திருத்தவும் பள்ளியைப் பொறுக்கவும் தேதியை ஞாபகப்படுத்தவும் ஒரு ஆள் தேவைப்படலாம். அவர் செய்வதற்கு அங்கே வேலை இருக்கிறது.

இங்கே என்ன இருக்கிறது? ஒரு விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, சாதிச் சான்று, நாலு போட்டோ. இதை நிரப்ப 25,000 ரூபாயா? உங்கள் எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒரு டீ ஆறுவதற்குள் நிரப்பிக் கொடுத்துவிடுவான்.

சரி, அப்படியானால் அவர் எதை விற்கிறார்? அந்த 'பணம் வாபஸ்' பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பத்துப் பேரிடம் முன்பணம் வாங்குகிறார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் வீட்டில் படுத்துத் தூங்குகிறார். பத்தில் ஆறு பிள்ளைகளுக்குப் பள்ளி தானாகவே இடம் கொடுத்துவிடுகிறது. ஆறு 25,000, ஒன்றரை லட்சம். மீதி நாலு பேருக்கு 10,000 ரூபாயை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்த நாலு பேரும் தெருவில் என்ன சொல்வார்கள்? "கிடைக்கலன்னதும் காசத் திருப்பித் தந்துட்டாரு, யோக்கியமான மனுசன்." அடுத்த வருடத்துக்கு விளம்பரமும் ஆயிற்று. இதில் அவருக்கு நஷ்டம் வர ஒரு வழி சொல்லுங்கள் பார்ப்போம்.

இது நான் கண்ணால் பார்த்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தரகரிடம் இப்படிக் கொடுத்தார். பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சுதான் தரகருக்கு ஆபீஸ். போன வருடத்து டைரி ஒன்று வைத்திருந்தார். அதில் சில பெயர்கள் பேனாவில், சில பென்சிலில். ஏன் என்று கேட்டதற்கு, "அது நம்ம கணக்கு சார்" என்று சிரித்தார். லிஸ்ட் வருகிற நாளில் பக்கத்து வீட்டு அம்மா பத்து மணிக்கே போய்விட்டார். நோட்டீஸ் போர்டில் பையன் பெயர் இருந்தது, செல்லில் போட்டோவும் எடுத்துக்கொண்டார். பதினொன்றரைக்குத் தரகர் போன். "இப்பத்தான் உள்ள பேசிட்டு வாறேன், பெரும்பாடாப் போச்சு, ஒருவழியா முடிச்சிட்டேன்." அந்த அம்மா பேசாமல் போட்டோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மீதிப் பணத்தை அவர் கேட்கவே இல்லை. முன்பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்தப் பையன் பெயர் பேனாவில் இருந்ததா, பென்சிலில் இருந்ததா என்று கேட்க எனக்கு இன்னும் ஆசை.

"இல்லை, அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்பார்கள். இருக்கட்டும். அப்போது அவர் விற்பது செல்வாக்கு. அதற்குப் பெயர் டொனேஷன். தமிழ்நாட்டில் நன்கொடை வாங்கிச் சேர்ப்பதைத் தடுக்க 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்க வேண்டும் என்று 2009இல் இன்னொரு சட்டம். இதையெல்லாம் மீறி அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தீர்கள் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டம் தடுக்கிற காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. நாளைக்குப் பணம் போய்விட்டது என்று வழக்குப் போட்டால், "நீங்களும் தெரிந்துதானே கொடுத்தீர்கள்" என்ற கேள்விதான் முதலில் வரும்.

இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது பற்றி. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டம் 'குழந்தை' என்று சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. அந்த இடுக்கு வழியாகத்தான் எல்.கே.ஜி. வாசலில் "சும்மா பேசிப் பார்க்கிறோம்" என்று கூப்பிடுகிறார்கள். போய் வாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை புது இடத்தில் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அதை மாற்ற எந்த கன்சல்டன்டாலும் முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆப்பிள் என்ன கலர் என்று ஒரு மாதம் காசு கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, அன்றைக்குப் பார்த்து வாயே திறக்காது.

அந்த 25,000த்துக்குப் பதிலாக உங்கள் இரண்டு காலை நேரத்தைச் செலவழியுங்கள். முதலில் பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டுவிட்டு, பெயர்க் கட்டம் காலியாகக் கிடக்கிற சான்றுகள் நிறைய. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்க அந்த ஒரு காகிதம்தான். அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சீட் கைநழுவுவது பல நேரம் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான்.

அப்புறம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாலு பள்ளிக்குப் போங்கள். ஒரு பள்ளியை மட்டும் நம்பி நிற்பதால்தான் தரகர் உங்களைப் பயமுறுத்த முடிகிறது. மிஷனரி ரேனியஸ் 1820இல் வந்து இறங்கிய காலத்திலிருந்து பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. அம்பை, வள்ளியூர்க்காரர்கள்கூட இங்கே வீடு பிடித்துக் குடிவந்து படிக்க வைக்கிறார்கள். படிவம் எப்போது தருவார்கள், லிஸ்ட் எப்போது போடுவார்கள் என்பதை வாட்ச்மேனிடம் கேட்காமல் ஆபீஸில் கேளுங்கள். கட்டணக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். புத்தகம், சீருடை, வேனுக்குத் தனியாக எவ்வளவு என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வாசலில் 'சி.பி.எஸ்.இ.' என்று பெரிதாக எழுதியிருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால் கீழே சின்னதாக 'முறையில்' என்று இருக்கும். பாடப்புத்தகம் அந்த போர்டுடையதாக இருப்பது வேறு, அந்த போர்டின் இணைப்பு பெற்றிருப்பது வேறு. இணைப்பு எண் என்ன என்று கேட்டு வாங்கி, சி.பி.எஸ்.இ. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அடுத்த பள்ளிக்கு வண்டியைத் திருப்புங்கள்.

காசு கொடுத்து யோசனை கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கோ மகேந்திரகிரி இஸ்ரோவுக்கோ மாற்றலாகி வருகிறவர் டெல்லியில் இருந்துகொண்டு இங்கே நாலு பள்ளி ஏறி இறங்க முடியாது. அவருக்குத் தகவல் சேகரித்துக் கொடுக்க ஒருவர் இரண்டு மூவாயிரம் வாங்கினால் நியாயம். சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே தொகை, செய்கிற வேலை எழுத்தில், பணத்துக்கு பில். இந்த மூன்றுக்கும் உங்கள் பக்கத்துத் தெருக்காரர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுப் பாருங்களேன். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி என்று அவர் சொன்னால், பதிவு எண்ணையும் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் அம்பாசமுத்திரம். போன வருடம் ஒரு ஏஜென்டுக்கு 'சர்வீஸ் சார்ஜ்' என்று 15,000 ரூபாய் ஜிபேயில் போட்டேன். சீட்டும் இல்லை, பணமும் இல்லை. போன் எடுப்பதில்லை. போனது போனதுதானா?

பதில்: ஜிபேயில் போட்டது உங்கள் நல்ல நேரம். தேதி, தொகை, பெயர் எல்லாம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு 15 நாள் கெடு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது. ஏஜென்ட் பள்ளி இல்லை. காசு வாங்கிக்கொண்டு சேவை தருகிறேன் என்றவர். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் போலீஸிலும் புகார் கொடுக்கலாம். பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு.

வாட்ஸ்அப்பில் நீங்கள் 'டொனேஷன்' என்று எழுதியிருக்கிறீர்களா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியிருந்தால், மனு போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இலவச சீட்டுக்குக் குலுக்கலில் பெயர் வரவைக்க ஒருவர் 3,000 கேட்கிறார். கொடுத்தால் நிச்சயமாக வருமா?

பதில்: வராது யக்கா. விண்ணப்பிக்கக் காசே கிடையாது. இடத்தை விட விண்ணப்பம் அதிகமாக வந்தால் பள்ளியில் பெற்றோரை வைத்துக்கொண்டே குலுக்குவார்கள், அந்த இடத்தில் நீங்களே போய் நில்லுங்கள். உங்களுக்கு வேண்டியது குடும்ப வருமானம் வருடத்துக்கு 2 லட்சத்துக்குக் கீழே என்ற சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்குத்தான் முதலில் வாய்ப்பு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் அந்த மாதிரிப் பள்ளிகள் நிறைய. அங்கே இலவச சீட் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். 2025-26க்கு மத்திய நிதி வராமல் அக்டோபர் வரை இழுத்தது. அதனால் யார் தேதி சொன்னாலும் நம்பாமல், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குலுக்கலில் வராவிட்டாலும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 2019லிருந்து அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.