பாறையாகும் முன்பே கசங்கிய அடுக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மணற்கல் பாறை ஒன்றில் ஓரடித் தடிமனுள்ள ஓர் அடுக்கு மட்டும் கசக்கிய துணிபோல் மடிந்து கிடக்கிறது. அதன் மேலும் கீழும் உள்ள அடுக்குகள் கோடு போட்டாற்போல் நேராக இருக்கின்றன. மலைகளை எழுப்பும் விசை ஓர் அடுக்கை மட்டும் எப்படி மடித்தது?

அந்த விசைக்கு இதில் பங்கில்லை என்றுதான் தோன்றுகிறது. நிலத்தட்டுகள் நெருக்கும்போது பொதுவாக அடுத்தடுத்த அடுக்குகளும் சேர்ந்தே வளையும். நீங்கள் பார்த்த அடுக்கு கசங்கியபோது அது பாறையே அல்ல, நீர் ஊறிய மணல். மடிப்புகளின் உச்சியை உற்றுப் பாருங்கள். சீவிவிட்டதுபோல் அவை வெட்டுப்பட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கு தட்டையாகப் படிந்திருந்தால் ஐயமே வேண்டாம்: கசங்கல் முடிந்து, நீரோட்டம் அதன் மேற்புறத்தை அரித்த பிறகே மேலடுக்கு வந்திருக்கிறது. உருப்பெருக்கி இருந்தால் வளைவுப் பகுதியையும் பாருங்கள். மணல் துகள்கள் நொறுங்காமல், விரிசலும் விரிசலை நிரப்பிய கனிமக் கோடுகளும் இல்லாமல் இருப்பது இன்னொரு நல்ல அடையாளம்.

உறுதியான மணல் எப்படித் திடீரென்று கூழாகும்?

அலை இப்போதுதான் பின்வாங்கிய கடற்கரை மணலில் நின்று கால்களை வேகமாக அசைத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த தரை குழைந்து பாதம் இறங்கும். சுற்றிலும் நீர் மேலே வரும். பாறையில் நடந்ததும் இதுதான், அளவு மட்டுமே வேறு.

தளர்வாகப் படிந்த மணலில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்று மேலுள்ள எடையைத் தாங்குகின்றன. இடைவெளிகள் மிகுதி. ஒரே அளவுள்ள கோளங்களை நேர்மேலாக அடுக்கினால் ஏறக்குறைய 48 விழுக்காடு வெற்றிடம் இருக்கும்; மிக நெருக்கமாக அடுக்கினால் 26 விழுக்காடுதான். குலுக்கல் வந்தால் துகள்கள் நெருங்கப் பார்க்கும். ஆனால் இடையிலுள்ள நீருக்கு உடனே வெளியேற வழியில்லை. அதன் அழுத்தம் ஏறி, துகள்கள் சுமந்த எடையை நீர் சுமக்கத் தொடங்குகிறது. துகள்களின் பிடி விட்டுப்போகிறது. மணல் திரவம்போல் ஓடுகிறது. நீர் கசிந்து வெளியேறியதும் பிடி திரும்பும். அந்த நேரத்தில் அடுக்கு எந்த வடிவில் இருந்ததோ அந்த வடிவிலேயே நின்றுவிடும்.

1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கத்தின்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்தன. அடியிலிருந்த மணல் திரவமானதே காரணம். பல கோடி ஆண்டுப் பழமையான பாறையில் நாம் காண்பது இப்படிப்பட்ட சில நிமிடங்களைத்தான். எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

களிப்பாறைக்குள் தலையணைபோன்ற மணற்கல் உருண்டைகள் வரிசையாகக் கிடக்கின்றன. டைனோசர் முட்டைகளா?

இல்லை. மென்மையான சேற்றின்மேல் அதைவிடக் கனமான மணல் படிந்தால், மணல் சேற்றுக்குள் அமிழப் பார்க்கும். டச்சு நிலவியலாளர் ஃபிலிப் கியூனன் 1958இல் வெளியிட்ட சோதனையில், களியின்மேல் மணலைப் பரப்பித் தொட்டியைக் குலுக்கினார். மணல் படலம் துண்டுகளாகப் பிரிந்து களிக்குள் இறங்கி, இதே வடிவங்களைக் கொடுத்தது. உடைந்த உருண்டை ஒன்றின் உட்புறத்தைப் பாருங்கள். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்தாற்போல் மேல்நோக்கி வளைந்த மணல் கோடுகள் தெரியும். முட்டைக்குரிய ஓடு இருக்காது.

அடுக்குகள் செங்குத்தாக நிற்கும் இடத்தில் எது மேற்புறம் என்று இவற்றால் சொல்ல முடியுமா?

முடியும். மணல் கீழ்நோக்கி உருண்டையாகப் புடைக்கும். அந்தப் புடைப்புகளின் நடுவே சேறு கூரிய தீக்கொழுந்துபோல் மேல்நோக்கிப் பிதுங்கும். கொழுந்து காட்டும் பக்கமே அந்தக் காலத்து மேற்புறம். சில கொழுந்துகள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றைப் பாருங்கள்.

இத்தகைய அடுக்கு இருந்தால் அங்கே பழங்காலத்தில் நிலநடுக்கம் வந்தது என்று முடிவு செய்யலாமா?

கூடாது. இந்த அவசரம் ஆய்வுக் கட்டுரைகளிலும் தலைகாட்டுவது வருத்தமளிக்கிறது. மணல் எப்படிக் குழைந்தது என்பது ஒரு கேள்வி. எது குழைத்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மடிப்பின் வடிவம் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சொல்லாது. வெள்ளம் ஒரே வீச்சில் கொட்டிய மணல், புயல் அலைகளின் மோதல், சரிவில் வழுக்கிய வண்டல், அடியிலிருந்து மேலேறும் நிலத்தடி நீர், பனியாற்றின் எடை, பெரிய விலங்குகளின் மிதி எல்லாம் இதே கசங்கலைத் தரக்கூடியவை.

நிலநடுக்கத்தால் குலைந்த அடுக்குக்கு 'சீஸ்மைட்' என்ற பெயரை ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் அடோல்ஃப் செய்லாக்கர் 1969இல் முன்வைத்தார். பெயர் பரவிய வேகத்தில் எச்சரிக்கை பரவவில்லை. நான் எதிர்பார்க்கும் சான்றுகள் இவை: அதே அடுக்கு பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர வேண்டும், குலையாத அடுக்குகள் இடையிட, இத்தகைய குலைந்த அடுக்குகள் திரும்பத் திரும்ப வர வேண்டும், அக்காலத்தில் இயங்கிய நிலப்பிளவு ஒன்று அருகில் இருந்து, அதை நெருங்க நெருங்கக் குலைவு கூட வேண்டும். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியும் காட்ட வேண்டும்.

சாக்கடலின் லிசான் படிவுகள் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 70,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரியில் படிந்த மெல்லிய வெள்ளை, கருமை வரிகளின் நடுவே, கலங்கிக் குழம்பிய அடுக்குகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அருகிலேயே இன்றும் இயங்கும் நிலப்பிளவு இருக்கிறது. அங்கே நிலநடுக்கம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பிரிட்டனில் டிரையாசிக் காலத்தின் இறுதியில், அதாவது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், குலைந்த ஓர் அடுக்கு 2,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருக்கிறது. விண்கல் மோதல் காரணமாகலாம் என்று 2003இல் ஒரு கருத்து வந்தது. அந்தப் பரப்பு மிகப் பெரிய அதிர்வைச் சொல்கிறது, உண்மை. ஆனால் மோதிய பள்ளம் எது என்று காட்டப்படும்வரை அது கருத்தாகவே இருக்கட்டும்.

களிப்பாறை அடுக்குகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மணற்கல் சுவர் ஒன்று நிற்கிறது. எரிமலைக் குழம்பு உறைந்ததா?

மணல் துகள்களால் ஆனதென்றால் அல்ல. அழுத்தம் ஏறிய நீர், மணலையும் இழுத்துக்கொண்டு விரிசலில் பாய்ந்திருக்கிறது. இருபுறமும் களி சுட்ட தடம் இருக்காது. சுவர் நெளிநெளியாக மடிந்திருந்தால் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்: மணல் புகுந்தபோது சுற்றியிருந்த களி இன்னும் மென்மையாக இருந்து, பிறகுதான் இறுகியிருக்கிறது.

இப்படி ஒன்றைக் கண்டால் என்ன செய்வது?

சுத்தியலால் பெயர்க்காதீர்கள். பெயர்த்த துண்டில் அந்த மடிப்பு இருக்கும், அதற்குப் பொருள் தரும் மேலடுக்கும் கீழடுக்கும் இருக்கமாட்டா. அளவுகோல் ஒன்றை வைத்து, மூன்றும் சேர்ந்து தெரியும்படி படமெடுங்கள். பிறகு அந்த அடுக்கின் வழியே இருபுறமும் நடந்து, அது எங்கே மெலிகிறது, எங்கே நின்றுபோகிறது என்று குறியுங்கள்.